குழலும் உரிமமும்: பேராக் தோட்டங்களில் வேட்டைத் துப்பாக்கியின் ஆயுள்

பேராக் மாநிலத்தில் ஈப்போவைச் சுற்றியும், வடக்கே சுங்கை சிப்புட், கோலகங்சார் வரையிலும், தெற்கே கம்பார், தாப்பா, பீடோர் வரையிலும் பரந்து கிடந்த ரப்பர்த் தோட்டங்களில் வேட்டைத் துப்பாக்கி பொழுதுபோக்குப் பொருளாக இருந்ததைவிடப் பயிர்க்காவலுக்கான கருவியாகவே மிகுதியும் இருந்தது. தோட்ட மேலாளராகிய துரையின் பங்களாவிலோ தோட்ட அலுவலகத்து இரும்புப் பெட்டியிலோ பூட்டி வைக்கப்பட்ட ஒன்றிரண்டு துப்பாக்கிகள், இளங்கன்றுகளை வேரோடு பெயர்த்துப் போடும் காட்டுப்பன்றிக்கும் பட்டையைக் கடித்துக் குதறும் முள்ளம்பன்றிக்கும் எதிராகவே வெளியே எடுக்கப்பட்டன. பால்மரங்கள் வெட்டப்பட்டு அதே நிலங்களில் செம்பனை நடப்பட்ட பிறகும் அத்தேவை குறையவில்லை, மாறாகக் கூடியது, ஏனெனில் செம்பனைக் கன்றின் குருத்தும் உதிர்ந்து கிடக்கும் பழமும் பன்றிக்கு மிகவும் உவப்பானவை. அவ்வாறு சுடப்பட்ட பன்றியின் இறைச்சி தோட்டத்துத் தமிழர், அருகிலிருந்த சீனர், பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி ஆகியோரிடையே பங்கிடப்பட்டதால், துப்பாக்கியின் நலத்தில் துரைக்கு மட்டுமின்றித் தொழிலாளர் குடியிருப்பாகிய லயத்துக்கும் அக்கறை இருந்தது.

இத்துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் நெடுங்காலம் இருந்தோர் ஒருமுகமாக அறிந்த செய்தி ஒன்று உண்டு. குழல் தேய்ந்துவிட்டது என்று கொண்டுவரப்படும் துப்பாக்கிகளில் மிகப் பெரும்பாலானவை சுட்டுத் தேய்ந்தவை அல்ல; ஈரத்தாலும் உப்பாலும் அரிக்கப்பட்டவை. அவற்றின் குழலை மாற்றுவது கடைசலில் ஏற்றி முடித்துவிடும் வேலையும் அன்று. இந்நாட்டுச் சட்டத்தின் முன் குழல் என்பது துப்பாக்கியின் உறுப்பு மட்டுமன்று, அதுவே ஓர் ஆயுதம். ஆகவே பேராக்கில் ஒரு வேட்டைத் துப்பாக்கி எத்தனை ஆண்டு வாழும் என்பதை எஃகின் தரம் தீர்மானிப்பதைவிட, அதைத் துடைக்கும் கையும் அதற்கான உரிமத் தாளுமே தீர்மானிக்கின்றன என்று கொள்வது பொருந்தும்.

இதை விளக்குவதற்கு முதலில் இருவகைக் குழல்களைப் பிரித்துக் காண வேண்டும். தோட்டங்களில் மிகுதியாக வழங்கியது ரவைத் துப்பாக்கி. அதன் குழலின் உட்புறம் கண்ணாடிபோல் வழவழப்பானது, ஒரு தோட்டாவிலிருந்து பல ஈயக் குண்டுகள் ஒன்றாகப் புறப்படும். நடுவில் மடித்துத் தோட்டாவை நுழைக்கும் வகையை மலாய்க்காரர் செனாப்பாங் பாத்தா என்பர், தோட்டத்துத் தமிழரும் அப்படியே சொல்வர். இவற்றில் பெரும்பாலானவை பன்னிரண்டாம் எண் துளை கொண்டவை; ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எந்தத் துளையில் சரியாகப் பொருந்துமோ அந்தத் துளை என்பதே அவ்வெண்ணின் பொருள், மில்லிமீட்டரில் அது ஏறத்தாழ 18.5. இரண்டாவது வகை ரைபிள்; அதன் குழலினுள் திருகலாக வரிகள் வெட்டப்பட்டிருக்கும், அத்திருகுவரிகள் ஒற்றைக் குண்டைப் பற்றிச் சுழலவிடுவதால் அது நெடுந்தொலைவு நேராகச் செல்லும். காலனி ஆட்சிக் காலத்தில் தோட்ட முதலாளிகளும் அதிகாரிகளும் யானைக்கும் காட்டெருமைக்குமாக ரைபிள் வைத்திருந்தனர். இன்று தனியாருக்கு அது கிடைப்பது மிக அரிது.

தேய்மானம் என்ற சொல் தன் முழுப் பொருளில் பொருந்துவது ரைபிளுக்கே. வெடிமருந்து எரியும்போது எழும் வாயுவின் வெப்பம் எஃகு உருகும் வெப்பத்தைவிட மிகுதியானது. அது குழலில் நிலைப்பது நொடியின் மிகச் சிறு கூறு மட்டுமே என்பதால்தான் குழல் உருகாமல் தப்புகிறது. எனினும் தோட்டா அறை முடிந்து திருகுவரி தொடங்கும் இடத்தில், அதாவது தொழிலோர் குழலின் தொண்டை என்று குறிக்கும் பகுதியில், ஒவ்வொரு வெடிக்கும் எஃகின் மேற்பரப்பு சுட்டுக் குளிர்ந்து, நாளடைவில் கோடையில் வெடித்த குளத்து மண்போல நுண்ணிய பிளவுகள் பரவுகின்றன. அப்பிளவுகளின் ஓரங்கள் அடுத்தடுத்த குண்டுகளால் உதிர, திருகுவரியின் தொடக்கம் சிறிது சிறிதாக முன்னே நகர்கிறது. குண்டு பற்றுதலின்றி ஒரு சிறு தூரம் தாவிச் சென்று வரியில் சாய்வாக நுழைகிறது. குறி சிதறத் தொடங்குகிறது. பின்பாதி இவ்வாறு கெட்டுப்போன குழலின் முன்பாதி புதிது போலவே இருப்பதுண்டு என்பதால், வாய்ப்பக்கமிருந்து மட்டும் பார்த்து ரைபிளை மதிப்பிடுவது வாங்குவோர் செய்யும் பெரும் பிழை.

இந்த அரிப்பை உலகுக்கு முதலில் பெரிய அளவில் காட்டியது பிரிட்டிஷ் இராணுவத்தின் சொந்த அனுபவமே. 1888-இல் ஏற்கப்பட்ட லீ-மெட்ஃபோர்டு ரைபிளின் திருகுவரிகள், மெட்ஃபோர்டு என்பவர் வகுத்தபடி ஆழங்குறைந்து வளைவான விளிம்புடன் அமைந்தவை. கரிமருந்தின் கசடு ஒட்டாமல் இருக்க அது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் சில ஆண்டுகளிலேயே கரிமருந்து போய் கார்டைட் என்ற புகையில்லா மருந்து வந்தது. அதன் முதல் வடிவத்தில் 58 விழுக்காடு நைட்ரோகிளிசரின் இருந்ததால் அதன் சூடு அந்த ஆழமற்ற வரிகளை விரைவில் அழித்துவிட்டது. 1895-இல் ஆழமான, சதுர விளிம்புள்ள என்ஃபீல்டு வரிகள் வந்து லீ-என்ஃபீல்டு பிறந்ததும், பின்னர் கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் 30 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதும் இதன் விளைவே. மருந்தை மாற்றியவர்கள் குழலையும் மாற்ற நேர்ந்த இக்கதை, தோட்டா மாற்றினால் துப்பாக்கிக்கு ஒன்றும் ஆகாது என்று இன்றும் நம்புவோர் அறிய வேண்டியது.

ஒரு ரைபிள் குழல் எத்தனை வெடிகள் தாங்கும் என்பது அதன் தோட்டாவைப் பொறுத்தது. 308 வின்செஸ்டர் போன்ற அளவான தோட்டாவுக்கு ஐயாயிரம் வெடிகளையொட்டிய ஆயுளை இத்துறையினர் பொதுவாகச் சொல்வர். சிறு துளையின் பின்னால் பெரும் மருந்தை அடைக்கும் தோட்டாக்களில் அது பாதிக்கும் கீழே இறங்கும், 1935-இல் வந்த 220 சுவிஃப்ட் குழல் தின்னி என்றே பெயரெடுத்தது. ஆனால் இக்கணக்குகள் போட்டிக்குச் சுடுவோருக்கும் அடுக்கடுக்காகச் சுட்டுக் குழலைச் சூடேற்றுவோருக்கும் உரியவை. ஆண்டுக்குச் சில பெட்டித் தோட்டாக்கள் மட்டுமே வாங்க இயலும் ஒரு தோட்டக் காவலர் தம் வாழ்நாளில் அந்த எண்ணிக்கையை நெருங்க வாய்ப்பே இல்லை. ரவைத் துப்பாக்கியில் இது இன்னும் தெளிவு: 30-06 போன்ற ரைபிள் தோட்டா சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு வரை அழுத்தம் எழுப்ப, பன்னிரண்டாம் எண் ரவைத் தோட்டா 11,500-க்குள் அடங்குகிறது, உராய்வதும் ஈயம், பிற்காலத்தில் ஈயத்தைச் சூழ்ந்த பிளாஸ்டிக் கிண்ணம். பராமரிக்கப்பட்ட ரவைக் குழலைச் சுட்டே தேய்த்தழிக்க மூன்று தலைமுறை போதாது.

அப்படியானால் பேராக்கில் குழல்களைத் தின்றது எது?

முதல் விடை உப்பு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரையிலும், இராணுவத் தோட்டாக்களில் அதற்குப் பின்னரும், தோட்டாவின் அடியிலுள்ள கேப்பில், அதாவது ஊசி குத்தியதும் தீப்பொறி தரும் சிறு மூடியில், பொட்டாசியம் குளோரேட் சேர்ந்திருந்தது. அது எரிந்ததும் பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழல் முழுதும் படிகிறது. இது சமையல் உப்பின் உடன்பிறப்பு. காற்றின் ஈரப்பதம் 84 விழுக்காட்டையொட்டி உயரும்போது இவ்வுப்பு தானே நீரை இழுத்துக் கரைந்து உப்புநீராகிவிடும். வறண்ட நாட்டில் இதனால் பெருங்கேடு இல்லை. ஆனால் மலாய்த் தீபகற்பத்தில் மழை மிகுந்த ஊராகிய தைப்பிங்கைத் தன்னுள் கொண்ட பேராக்கில், இரவுதோறும் ஈரப்பதம் அந்த எல்லையைத் தாண்டுகிறது. மாலையில் சுட்டு, எண்ணெய்த் துணியால் மட்டும் துடைத்துப் பெட்டியில் வைத்த குழலில் விடியலுக்குள் துரு பூக்கும் காரணம் இதுவே, ஏனெனில் எண்ணெயில் உப்பு கரையாது. எண்ணெய்ப் படலத்தின் அடியில் அது தன் வேலையைத் தொடரும். கொதிக்கும் நீரை ஒரு புனல் வழியே குழலின் பின்பக்கமாக ஊற்றி, குழல் சூடேறித் தானே உலர்ந்த பிறகு எண்ணெயிடுவது என்ற பழைய இராணுவ முறை கிழவர்களின் மூடவழக்கம் அன்று. உப்பை நீக்க நீரைத் தவிர வேறு எளிய வழி இல்லை. 1920-களின் இறுதியில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் அரிக்காத கேப்புகள் விற்பனைக்கு வந்தன. எனினும் பழைய சரக்குத் தோட்டாக்கள் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்ததால், தோட்டத் துப்பாக்கிகள் பலவற்றின் குழலில் அம்மைத் தழும்பு போன்ற குழிகள் அப்போதே விழுந்துவிட்டன.

இரண்டாவது விடை தோட்டத்துக்கே உரியது. ரப்பர்ப் பாலை உறையவைக்கப் பயன்படும் பார்மிக் அமிலத்தின் ஆவி எஃகுக்குப் பகை. அமில ஜாடிகள் வைத்த அறைக்கு அடுத்த அறையில் துப்பாக்கியைப் பூட்டிவைத்த தோட்டங்களில், சுடப்படாத துப்பாக்கியும் துருப்பிடித்தது. மூன்றாவது, உறை. தோல் உறையும் கான்வாஸ் உறையும் துப்பாக்கியைக் காப்பவை என்ற எண்ணம் குளிர்நாட்டிலிருந்து வந்தது. இங்கே அவை ஈரத்தைப் பிடித்துவைத்து எஃகின்மீது ஒற்றுகின்றன. ஒரு முறை சுமந்து செல்வதற்கு உறை நல்லது, மாதக்கணக்கில் வைத்திருப்பதற்கு அன்று.

நான்காவது, துடைப்பவரின் கை. ரைபிளைத் துடைக்க வழங்கிய புல்த்ரூ என்ற கயிற்றை, அதாவது ஒருமுனையில் பித்தளைக் குண்டும் மறுமுனையில் துணி மாட்டும் கண்ணும் கொண்ட கயிற்றை, குழல்வாயின் ஓரத்தில் ஒரே பக்கமாகச் சாய்த்து இழுத்தால், கயிற்றில் ஒட்டிய மணல் அரம்போல் வேலை செய்து வாயில் ஒரு பள்ளத்தை அறுத்துவிடும். குண்டு கடைசியாகத் தொட்டு விடுபடும் இடம் அதுவே; அங்கே மயிரளவு கோணல் இருந்தாலும் குறி ஒரு பக்கமாகவே விலகும். 1948-இல் மலாயாவில் அறிவிக்கப்பட்ட அவசரகாலத்தில் தோட்டங்களைக் காத்த சிறப்புக் காவலர்களின் கைகளில் லீ-என்ஃபீல்டு இருந்த காலத்தில் இவ்வகைத் தேய்மானம் இராணுவக் கிடங்குகளில் நன்கு அறியப்பட்டிருந்தது. சுட்டுக் கெட்டதைவிடத் துடைத்துக் கெட்ட ரைபிள்கள் மிகுதி என்பது ஆயுதக் கிடங்குப் பேச்சு.

ஒரு மடிப்புத் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பவர் கையில் எடுத்தால் அவர் செய்யும் சோதனைகளின் வரிசை எல்லாத் தொழிற்கூடங்களிலும் ஏறக்குறைய ஒன்றே. முதலில் இரு அறைகளும் வெறுமையா என்று கண்ணாலும் விரலாலும் பார்ப்பார். பின் முன்பிடிக் கட்டையைக் கழற்றிக் குழல்களைத் தனியே பிரித்து, சன்னல் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பார்ப்பார். நல்ல குழலில் ஒளி வட்டம் வட்டமாக, ஒன்றன்பின் ஒன்றாக, முறியாமல் செல்லும். ஒரு வட்டம் ஒரு பக்கத்தில் நெளிந்தால் அங்கே வெளியிலிருந்து நசுங்கல். வட்டம் முழுதும் கருத்து விரிந்தால் அங்கே உள்ளிருந்து புடைப்பு. நசுங்கலை உள்ளிருந்து மெல்ல உயர்த்திச் சரிசெய்யலாம், புடைப்பு பெரும்பாலும் குழலின் முடிவு. அடுத்து, குழல்களின் அடியிலுள்ள கொக்கியை ஒரு விரலில் தொங்கவிட்டு முட்டியால் தட்டுவார். இரு குழல்களையும் இணைக்கும் பட்டை முழுதும் பற்றியிருந்தால் மணிபோல் நீண்டு ஒலிக்கும், பற்று விட்டிருந்தால் ஓட்டைப் பானை ஒலி எழும். அந்த ஒலி எழுந்த துப்பாக்கியின் பட்டைக்கு அடியில், யாருக்கும் தெரியாமல், ஆண்டுக்கணக்கில் மழைநீர் தேங்கித் துரு தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள்.

கடைசியில் குழலை மீண்டும் பூட்டி, குழலின் பின்முகத்துக்கும் அதை எதிர்கொள்ளும் எஃகுச் சுவருக்கும் இடையே மெல்லிய தாள் துண்டொன்றை வைத்து மூடுவார். தாள் இறுகப் பிடிபட வேண்டும்; எளிதில் உருவிக்கொண்டு வந்தால் கீல் ஆணி தேய்ந்து குழல் முகம்விட்டு விலகிவிட்டது என்று அறியலாம். இவ்விலகலைத்தான் பலர் குழல் தேய்மானம் என்று தவறாகக் கொள்கின்றனர். விளக்குப் புகையைக் குழலின் பின்முகத்தில் படியவிட்டு, மூடித் திறந்து, கரி எங்கே ஒட்டியது எங்கே ஒட்டவில்லை என்று பார்த்துப் புதிய கீல் ஆணியைச் சிறிது சிறிதாக இழைத்துப் பொருத்துவது பொறுமையான வேலை. திறமையான கையில் அது பழைய துப்பாக்கிக்கு மறுவாழ்வு தரும். லீ-என்ஃபீல்டு வகையில் இதே இடைவெளியைத் தோட்டா விளிம்பின் கனத்துக்கு ஏற்ப 0.064 முதல் 0.074 அங்குலத்துக்குள் நிறுத்த வேண்டும். நான்காம் எண் மாதிரியில் பூட்டின் தலையையே வெவ்வேறு நீளத்தில் எண்ணிட்டுச் செய்து வைத்திருந்ததால், குழலைத் தொடாமலே அதைச் சரிசெய்ய முடிந்தது. போர்க்காலத்தவர் சிக்கனமாகச் சிந்தித்தனர்.

குழிவிழுந்த குழலின் உட்புறத்தை இழைத்துத் துரு நீக்குவது கவர்ச்சியான வேலை. முடிவில் குழல் புதிது போல் மின்னும். ஆனால் ஒவ்வொரு இழைப்பும் குழலின் சுவரை மெலியச் செய்கிறது. பிரிட்டனில் பர்மிங்காம் சோதனைச் சாலை 1813 முதலும், லண்டனில் அதற்கும் முன்னிருந்தும், ஒவ்வொரு குழலையும் வழக்கத்தைவிட மிகையான மருந்தால் வெடித்துப் பார்த்து, துளையின் அளவைக் குழலிலேயே முத்திரையிட்டு வந்தன; இழைத்த பின் துளை அந்த அளவைக் குறித்த வரம்புக்கு மேல் தாண்டினால் முத்திரை செல்லாது. குழலின் மெலிந்த இடத்தில் சுவர் அரை மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால், அதை அழகாக மின்னச் செய்து திருப்பிக் கொடுப்பவர் நல்ல தொழிலாளி அல்லர்.

தேய்மானத்தின் கணக்கில் சேராத, ஒரே நொடியில் குழலை முடித்துவிடும் விபத்துகளும் உண்டு. சேற்றில் ஊன்றி எடுத்த துப்பாக்கியின் வாயில் அடைத்த மண், தொங்கவிட்ட துப்பாக்கியில் குளவி கட்டிய கூடு, துடைக்கையில் உள்ளே தங்கிவிட்ட துணி ஆகியவற்றில் எதுவாயினும் அடுத்த வெடியில் குழல் புடைக்கும் அல்லது பிளக்கும். எல்லாவற்றிலும் கொடியது இருபதாம் எண் தோட்டா தவறிப் பன்னிரண்டாம் எண் குழலில் விழுவது. அது அறையைத் தாண்டி வழுக்கிச் சென்று கண்ணுக்குத் தெரியாமல் நின்றுவிடும், சுடுபவர் துப்பாக்கி வெறுமையென எண்ணி அதன் பின்னால் பன்னிரண்டாம் எண் தோட்டாவை இட்டுச் சுடுவார். இருபதாம் எண் தோட்டாக்கள் மஞ்சள் நிறத்தில் செய்யப்படுவது இந்த ஒரு தவறைத் தடுக்கவே. குழலின் வாயருகே துளையைச் சற்றே குறுக்கி ரவையைக் கூட்டிச் செலுத்தும் சோக் என்ற அமைப்பு முழு அளவில் உள்ள பழைய குழலில், துளையை நிறைக்கும் ஒற்றை ஈய உருண்டையைப் பன்றிக்கெனச் சுடுவதும் இவ்வகையில் சேரும். அக்குறுக்கம் ஒரு மில்லிமீட்டர்தான், ஆனாலும் உருண்டை அதைக் கேட்டு வழிவிடாது.

குழல் கெட்டது உறுதியானதும் எழும் கேள்வி எப்போதும் ஒன்றே: “அண்ணே, கொழல மட்டும் மாத்திக் குடுங்களேன், மத்ததெல்லாம் நல்லாத்தான இருக்கு?” எஃகைப் பொறுத்தவரை இக்கேள்வி நியாயமானது. 1950-இல் வந்த ரெமிங்டன் 870 போன்ற துப்பாக்கிகளில், முன்னால் உள்ள ஒரு மூடியைத் திருகிக் கழற்றினால் குழல் கையோடு வந்துவிடும். அமெரிக்காவில் 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கி எனக் கருதப்படுவது விசையும் பூட்டும் அமைந்த உடற்பகுதி மட்டுமே என்பதால், குழலை அங்கே கடையில் கோடரிக்காம்பு வாங்குவதுபோல் வாங்கலாம். மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமோ பிரிட்டிஷ் சட்ட மரபைப் பின்பற்றியது. குண்டைச் செலுத்தும் கருவியை ஆயுதம் என வகுத்ததோடு, அதன் எந்த உறுப்பையும் ஆயுதம் என்ற சொல்லுக்குள் அடக்கியது. எனவே தனிக் குழலை வாங்குவதும் வைத்திருப்பதும் இன்னொரு துப்பாக்கியை வாங்கி வைத்திருப்பதற்கு ஒப்பானவை. உரிமமின்றி வைத்திருந்தால் அச்சட்டத்தின் எட்டாவது பிரிவின்படி ஏழாண்டு வரை சிறையோ, பத்தாயிரம் ரிங்கிட் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். கழற்றிப் போட்ட பழைய குழலும், துரு தின்றதாயினும், இக்கணக்கிலிருந்து தானே நீங்காது. அதைப் பரணில் போட்டு வைப்பது தவறு.

அச்சட்டத்தில் தோட்டங்களுக்கென்றே அமைந்தாற்போன்ற ஒரு பாகுபாடு உண்டு. ஆயுதத்தின் உரிமையாளருக்கு வழங்கப்படுவது உரிமம். அவர் சார்பில் அதை ஏந்திப் பயன்படுத்தும் இன்னொருவருக்கு வழங்கப்படுவது பெர்மிட். தோட்டத்தில் உரிமம் துரையின் பெயரிலும், பெர்மிட் பன்றி சுடப் போகும் காவலர் பெயரிலும் இருக்கும். பெர்மிட் இல்லாத எழுத்தராகிய கிராணியோ மேற்பார்வையாளராகிய கங்காணியோ அவசரத்துக்கு அதைத் தூக்கிச் சென்றாலும் குற்றமே. விண்ணப்பம் மாவட்டப் போலீஸ் வழியாகச் சென்று மாநிலப் போலீஸ் தலைவரின் முடிவுக்கு நிற்கிறது. தேவை என்ன, நிலம் எங்கே, எங்கே பூட்டி வைக்கப்படும் என்பவை ஆராயப்படுகின்றன. உரிமத்தில் ஆயுதத்தின் வகையும் துளையளவும் எண்ணும் வைத்திருக்கத்தக்க தோட்டாக்களும் குறிக்கப்படுகின்றன. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். துப்பாக்கியில் உள்ள எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒத்திருக்க வேண்டும் என்பதால், எண் பொறித்த பகுதியைத் துரு தின்றுவிட்ட துப்பாக்கி சுடுவதற்கு நன்றாக இருந்தாலும் தொல்லைக்குரியது. பழுதுபார்ப்பவருக்கும் தனி உரிமம் தேவை. அவரிடம் வரும் ஒவ்வோர் ஆயுதமும் பதிவேட்டில் ஏறித்தான் உள்ளே நுழையும், ஏறித்தான் வெளியேறும். ஆகவேதான் மடிப்புத் துப்பாக்கியின் குழல் அடியோடு கெட்டால், அதற்குப் பொருந்தும் இணையைத் தேடி வெளிநாட்டுக்கு எழுதுவதைவிட, பழையதை ஒப்படைத்து வேறொன்றுக்கு விண்ணப்பிப்பதே அறிவுடைய வழி என்று இத்தொழிலோர் சொல்கின்றனர்.

சட்டம் குழலைத் தீர்மானிப்பது மலேசியாவுக்கு மட்டும் உரிய விந்தை அன்று. கிளர்ச்சியாளர் கையில் இராணுவத் தோட்டா சேரக்கூடாது என்று 1907-ஆம் ஆண்டளவில் இந்தியாவிலும் சூடானிலும் 450 துளை ரைபிள்களைப் பிரிட்டிஷ் அரசு தடைசெய்ததும், லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் 465, 470, 475 என்று துளைகளை நூலளவு மாற்றிப் புதுத் தோட்டாக்களைப் படைத்தன. யானை வேட்டைக்காரர்கள் புகழ்ந்து பேசும் அத்துளைகள் பிறந்தது ஒரு தடையாணையின் விளைவாகவே.

எனினும் மலேசியாவின் ஆயுதச் சட்டம் இவ்வளவு கடுமையாக இருப்பதன் காரணத்தைப் பேராக்கின் தோட்டங்களிலேயே தேட வேண்டும். 1948 சூன் 16 அன்று சுங்கை சிப்புட் அருகே எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. அவ்விதியின் கூர்மையைத் தமிழர் மறக்க இயலாதபடி உணர்ந்தது 1949 மே 4 அன்று: அனைத்து மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்த குற்றத்துக்காகக் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசின் வேண்டுகோளும் அவரைக் காக்கவில்லை. அவர் வழக்கின் நியாய அநியாயம் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆனால் அதற்குப் பின் ஒரு தலைமுறைக் காலம் தோட்டத்துத் தமிழர் துப்பாக்கி என்ற சொல்லையே தாழ்ந்த குரலில் சொன்னதற்கு அது போதுமான காரணம். அவசரகாலம் 1960 சூலை 31 அன்று முடிந்தது. அதே ஆண்டின் ஆயுதச் சட்டம் அதன் நினைவோடு எழுதப்பட்டது என்றே கொள்ள வேண்டும். 1971-இல் வந்த கூடுதல் தண்டனைச் சட்டம் சட்டவிரோத உடைமைக்குப் பதினான்கு ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் விதித்தது. 2023-இல் மலேசியாவில் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டபோதும் அச்சிறையும் பிரம்படியும் இல்லாமற் போகவில்லை.

ஆயுத உரிமம் இருப்பதாலேயே வேட்டையாடும் உரிமை வந்துவிடாது என்பதும் சேர்த்துச் சொல்லத்தக்கது. பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையின் உரிமம் அதற்குத் தனியே வேண்டும். 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றியும் பாதுகாக்கப்பட்ட விலங்கே. மான், கேளையாடு ஆகியவற்றுக்கான வேட்டை உரிமம் 2009-இல் தீபகற்பம் முழுதும் நிறுத்தப்பட்டது. பயிரைக் காக்கும் நிலக்காரருக்குச் சட்டம் இடம் தருகிறது, ஆயினும் முதலில் விரட்டிப் பார்க்க வேண்டும் என்றே அது எதிர்பார்க்கிறது. வேலிக்கு அப்பால் காட்டில் புலிக்கு இரையாக எஞ்சியிருப்பவற்றில் பன்றி முதன்மையானது என்பதை நினைத்தால் இவ்விதி மிகையாகத் தோன்றாது.

பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட 1950-களிலும் 60-களிலும், சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரே தோட்டங்களை வாங்க வழிசெய்த காலத்திலும், நிலம் கைமாறியதுபோல் துப்பாக்கி கைமாறவில்லை. உரிமம் ஆளுக்கு உரியது, மண்ணுக்கு உரியதன்று. தந்தையின் உரிமம் மகனுக்கு வாரிசாக வருவதும் இல்லை. ஆனால் இன்றும் பழைய தோட்ட வீடுகளைக் காலி செய்வோர் பரணிலோ மரப்பெட்டியின் அடியிலோ ஒரு துருப்பிடித்த குழலையோ, வீங்கிப்போன தாள் தோட்டாக்களையோ கண்டெடுப்பது நடக்கவே செய்கிறது. அவ்வாறு கண்டெடுப்போர் அதைத் துடைத்துப் பார்க்கவும், வண்டியில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்குப் புறப்படவும் வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டு, பிள்ளைகளை அண்டவிடாமல், அன்றைக்கே அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும்.